நீங்கள் நீக்கிய இரைச்சல்

டுலூத், மின்னசோட்டா
பிப்ரவரி 9, 2024

மதிப்பிற்குரிய பிரென்ட் ஹால்வர்சன் அவர்களுக்கு,

வணக்கம். முப்பதாண்டு நண்பரை 'அவர்கள்' என்று விளிப்பதற்குக் காரணம் உண்டு. 'டேய்' என்று தொடங்கினால், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் நிதானம் எனக்கு இராது.

நம் 'லாந்தர்ன் ஐஸ்' குழுவின் ஒரே இசைத்தட்டைப் புதுப்பித்து நீங்கள் அனுப்பிய பிரதி கிடைத்தது. அதை வெளியிட என் கையொப்பம் வேண்டும் என்கிறீர்கள். "இரைச்சலையெல்லாம் தொடச்சு எடுத்தாச்சு, ஐலி குரல் இப்பத்தான் கண்ணாடி மாதிரி கேக்குது" என்று பெருமையும் பட்டிருக்கிறீர்கள்.

அந்த இரைச்சல் எது என்பதை நீங்களுமா மறந்தீர்கள்? நாம் வாசித்து இந்தத் தட்டைப் பதிவு செய்த மூடிய பள்ளியின் குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்கக் குளிர்காலம் முழுதும் கொதிகலனை எரியவிட்டிருந்தார்கள். நீர் வடித்த நீச்சல் குளத்தில் நாம் வாசிக்கையில், சுவரோரம் வெந்நீர்க் குழாய் முழங்கிக்கொண்டே இருக்கும். "பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைச்சாச்சுடா, சோறு கூட கேக்க மாட்டான்" என்று சிரித்தவர் நீங்கள். அந்த முழக்கத்துக்கே உங்கள் கிதாரையும் என் ஆர்கனையும் சுருதி சேர்த்தோம். வசந்தத்தில் கொதிகலனை அணைத்தால் குழுவும் வாயடைத்துப் போகும். ஆகவே நமக்கு வாய்த்தவை இரண்டே குளிர்காலங்கள். மூன்றாவதற்குள் பள்ளியை இடித்துவிட்டார்கள். குழாய் இல்லாத மினியாபொலிஸ் மேடையில் நாம் தடுமாறியதும், அரங்கு காலியானதும் நினைவிருக்கும்.

நம் பாடகி ஐலியோ குளத்தின் ஆழமான முனையில், ஒலிவாங்கிக்கு முதுகு காட்டி நின்று பாடுவாள். கிட்டே வரச் சொன்னீர்கள். "பாட்டு முன்னாடி போகட்டும், நான் பின்னாடி வர்றேன். அவசரம்னா நீயே பாடுடா" என்றாள். ஓடு பதித்த சுவர்களில் பட்டுச் சொற்கள் கரைய, ஏரியின் மேல் மூடுபனி நகர்வதுபோல் அக்குரல் வந்து சேரும். நம்மைப்போல் மங்கலும் எதிரொலியுமாகக் கனவுப் பாப் ('டிரீம் பாப்') வாசித்த மற்ற குழுக்கள் பெட்டி பெட்டியாக எதிரொலிக் கருவி வாங்கித் தேடிய தூரத்தை அவள் வெறுமனே நடந்துபோய் எடுத்துவந்தாள். அதற்கு இணையான ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை. அதற்கு வழிவிட்டு வாசிக்கத் தெரிந்த ஒரே கிதார்க்காரர் நீங்கள். அதனால்தான் இந்தப் பிரதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொண்டை அறுவைக்குப் பின் அவள் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறாள். அவள் குரல் என்று இனி இருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான். ஞாயிறன்று உங்கள் பிரதியை அவள் வீட்டில் போட்டேன். முதற்பாட்டு முடியுமுன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாருடா இந்தப் பொண்ணு, காதுக்குள்ள வந்து நிக்கிறா? நான் எங்க?" என்று கேட்டாள். நிறுத்திவிட்டேன்.

ஆகவே கையொப்பமிட மாட்டேன். குழாயை அதனிடத்தில் வையுங்கள். அவளை ஆழமான முனைக்கே திருப்பி அனுப்புங்கள். இல்லையேல் நேரில் வந்து, அவளெதிரில் அமர்ந்து இந்தப் பிரதியை இறுதிவரை கேளுங்கள். அதன் பிறகும் இதுவே சிறந்தது என்று அவள் முகம் பார்த்துச் சொல்ல முடிந்தால், அங்கேயே கையொப்பமிடுகிறேன்.

அவள் உங்களைத் திட்டவில்லை. "அவன் இன்னும் வாசிக்கிறானா?" என்று மட்டும் கேட்டாள்.

கிதாரை எடுத்துவாருங்கள். சாலை முழுதும் வழுக்கலாக இருக்கிறது. நிதானமாக ஓட்டி, நலமாக வந்து சேருங்கள்.

இங்ஙனம்,
லோவெல் கெட்டுனன்