சில்லறைக்குக் கயிறு

அன்புள்ள என் ராங்கிப் பேத்திக்கு,

தாத்தா வாயால் சொல்ல, கீழே கடை வைத்திருக்கும் சலூன்காரர் கையால் எழுதும் கடிதம். நான் நலம். உன் அம்மா நலம். உன் அப்பனும் நலம்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதை நோயில் சேர்க்க முடியாது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறையில் காற்று வருகிறதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வீட்டில் இருப்பது ஒரே போன். அது உன் அப்பன் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதமும் சலூன்காரரும். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் எழுதுகிறார். எங்காவது எழுத்து கோணினால், யாரோ தாடி மழிக்க வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி மாடியில் உள்ள கேம் கடையில் போட்டி. போன வருஷம் நீ ஆடிய அதே போட்டிதான். என் பேரைக் கொடுத்துவிட்டேன். நீ விட்டுப் போன கேம் பெட்டியில், அதன் திரைக்குள் நீ வளர்த்த ஜந்துக்களை வைத்துக்கொண்டு ஆடப் போகிறேன்.

சேதி உன் அப்பன் காதுக்குப் போய்விட்டது. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போய்விட்டு வந்தவன், கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கத்தினான். "பொண்ணு வீட்ட விட்டுப் போனது பத்தாதா? இந்த வயசுல பொம்மைச் சண்ட வேற போடணுமா? அங்க போய் உக்காந்தீங்கன்னா நானே வந்து இழுத்துட்டு வருவேன்" என்றான். "வாடா, உனக்குத்தான் வழி தெரியுமே" என்றேன். அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட உன் அம்மாவை விட்டுத்தான் கேட்கிறான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மறதியும் தெரியாது. போன வருஷம் நீ ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். வலது பக்கச் சடை அவிழ்ந்து கிடந்தது. உன் பக்கம் மிஞ்சியிருந்த ஜந்து சில்லறை ஒன்றுதான். அதற்கும் தலைமயிர் அளவு உயிர். எதிராளிக்கும் ஒன்றுதான் மிச்சம். இன்னும் ஒரு கடி கடித்திருந்தால் கோப்பை உனக்கு. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் உன் அப்பன். நாலு பேர் முன்னால் கையைப் பிடித்து இழுத்தான். நாற்காலியை விட்டு எழுந்தால் தோல்வி என்பது விதி. அடுத்த வாரமே வேலை கிடைத்தது என்று நீ பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டாய். உன் அம்மா பேருக்கு வரும் கடிதத்தில் எல்லாரையும் விசாரிக்கிறாய், அவனைத் தவிர.

இருக்கட்டும். நீ போன கடிதத்தில் எழுதியதற்கு வருகிறேன். சில்லறைக்குத் தொப்பி கொடு, எல்லாரும் அதைத்தான் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். மாட்டேன்.

சலூன்காரர் கத்தரியை வைத்துவிட்டு, "பெரியவரே, எனக்கு ஒண்ணும் விளங்கல. தொப்பி யாருக்கு, சில்லறை எதுக்கு?" என்கிறார். அவருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். ஆளுக்கு மூன்று ஜந்து. ஒன்று களத்தில் நிற்கும், மற்றவை பெஞ்சில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கிண்ணம் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உயிர் ஊறும். நம் ஆமைக்கு அதுதான். நகராது, விடாது, அதனால்தானே அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாய். லாடம் கட்டினால் அடி பலமாக விழும், ஆனால் ஒரே வித்தையைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். அது குண்டனுக்கு, அவனுக்குத் தெரிந்ததே ஒரு வித்தைதான். முள் வளையம் மாட்டினால் பலம் கூடும், அடிக்கும்போதெல்லாம் தன் உயிரும் கொஞ்சம் போகும். தொப்பி போட்டால் எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு தடவை சாகாது. தலைமயிர் அளவு உயிரோடு நிற்கும்.

அப்புறம் கயிறு. அடி விழுந்ததும் கயிறு சுண்டி இழுத்துப் பெஞ்சுக்குக் கொண்டுபோய்விடும். அதன் இடத்தில் வேறொன்று வந்து நிற்கும்.

சில்லறை அணில் அளவுதான் இருக்கும். வேகம் உண்டு, உடம்பு இல்லை. அதற்குத் தொப்பியைப் போட்டு, ஊரே பார்க்க மயிரிழை உயிரோடு நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை பார்த்தேன், போதும். கயிறு கட்டுவது ஓடிப்போகிற மாதிரி என்று எழுதியிருந்தாய். யார் சொன்னது? எந்த மடையன் சொன்னது? கயிறு இழுத்துப் போனது சாகவில்லை. பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டால் அடுத்த சுற்றிலேயே வந்து கடிக்கும். அதுவும் விதிதான். விதியை உன் இஷ்டத்துக்குப் பாதி படிக்காதே.

எழுத்துத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்காதே. சரக்குக் கொட்டகையில் மூட்டையும் பெட்டியும் தூக்கியே காலம் தள்ளினவன் நான். கோப்பைப் படம் போட்டிருந்தால் அலுங்காமல் இறக்கு, குடைப் படம் போட்டிருந்தால் நனைய விடாதே. அந்தக் கண்தான் இது. பெட்டிக்குள் இருக்கிற சாமான் படம் அத்தனையும் எனக்கு அத்துப்படி. உன் அம்மா படித்துக் காட்டுகிறேன் என்றாள். தேவையில்லை என்றுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். பெட்டியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு மத்தியானம் கண்ணயர்ந்தால், எழுந்து பார்க்கும்போது சார்ஜ் குறைந்திருக்கிறது. சில்லறையும் நான் விட்ட லெவலில் இல்லை, ஏறியிருக்கிறது. எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும் எனக்கு. சலூன்காரரைக் கேட்டேன், கத்தி மேல் சத்தியம், நான் தொடவில்லை என்கிறார். உன் அம்மாவைக் கேட்டால் அடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். பேய் என்றால் நல்ல பேய்தான், வேலை செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு உன் அம்மா சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். நான் உன் நாற்காலியில்தான் உட்காருவேன். தோற்றாலும் அதில் உட்கார்ந்துதான் தோற்பேன். எவன் இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ நன்றாக இரு, யாருக்கும் தலை குனியாதே.

உன் தாத்தா
(பெருவிரல் ரேகை)


என் ராங்கிக்குத் தாத்தாவின் ஆசி.

கையெழுத்தைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடாதே. பேசுவது நான்தான். கை மட்டும்தான் உன் அப்பனுடையது. சொல்வதில் ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையும் சேர்க்கக்கூடாது, திட்டினாலும் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். சோதித்துப் பார்க்கிறேன்: உன் அப்பன் ஒரு முரட்டுக் கழுதை. படித்துக் காட்டச் சொன்னேன். "முரட்டுக் கழுதை" என்று படித்தான். சரி, மேலே போகலாம்.

போட்டிக்குப் போனேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு எதிரே கண்ணாடி போட்ட பேங்க் கிளார்க். "தாத்தா, பேரனுக்காக எடம் புடிச்சிருக்கீங்களா?" என்றார். "உங்கள அடிக்கத்தான் வந்திருக்கேன் தம்பி" என்றேன். கடை சிரித்தது. அவரும் சிரித்தார், நல்ல மனுஷன்.

இப்போது கேள். கடைக்காரப் பெண்தான் நடுவர். சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு, அவள் கண் முன்னால் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றாள். சரி என்று திரையில் சாமான் பையைத் திறந்தால், ஒரு படமும் நான் பார்த்த படமில்லை. காலையில் எல்லாருடைய பெட்டியிலும் புதுப் பதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். அதில் படம் அத்தனையையும் புதிதாக வரைந்துவிட்டார்கள். வரிசையும் கலைந்து போயிற்று. எந்தப் புண்ணியவான் வரைந்தானோ, எல்லாம் வழவழவென்று, பொத்தான் மாதிரி. கிண்ணமும் லாடமும் எப்படியோ தெரிந்தன. கயிறு முன்பு பழுப்பாக, சுருட்டி வைத்த தாம்பு மாதிரி இருக்கும். இப்போது வட்டமாக இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கயிறு, ஒன்று முள் வளையம். எது எது?

அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் படித்துச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கேட்க மாட்டேன். ஒன்றை எடுத்துச் சில்லறைக்குக் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. குண்டன் ஒரு அடி அடித்துவிட்டுப் படுத்துவிட்டான், வழக்கம்போல. மாமியார் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றாள் பார், கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய இரண்டு ஜந்துக்களைத் தேய்த்தே முடித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். அவரிடம் ஒன்று மிச்சம், என்னிடம் சில்லறை மிச்சம். உன் ஆட்டம் மாதிரியே.

கயிறு வீணாயிற்றே என்கிறாயா? உனக்குத் தெரியாததா, பெஞ்சில் ஆள் இல்லையென்றால் கயிறு யாரையும் இழுக்காது, சும்மாதான் கிடக்கும். அது தெரிந்துதான் முதலில் சில்லறையை இறக்கியிருக்க வேண்டும். இறக்கினேனே! குண்டனுக்கு முன்னால் முதல் ஆளாய் இறங்கியது அதுதான். கடித்தது. யாரும் தொடாமலே அதன் உயிர் கொஞ்சம் குறைந்தது. எதிராளி ஏதோ விஷம் வைத்துவிட்டான் என்று நினைத்துப் பெஞ்சுக்கு அழைத்துக்கொண்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடைசியில் திரும்ப வந்து கடித்தது. எதிராளிக்குப் பாதி உயிர் போயிற்று, சில்லறைக்கும் குறைந்தது. இன்னும் ஒரு கடி போதும் என்று கடிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தேன்.

வாசலிலிருந்து ஒரு சத்தம். "அப்பா! அது கயிறு இல்ல, முள் வளையம்! இப்ப கடிச்சா அதுவே செத்துரும்! பதுங்க வைங்க, பதுங்க வைங்க!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உன் அப்பன். கருவிப் பை தோளில். சுவரில் எங்கள் ஆட்டத்தைக் காட்டுகிற பெரிய டிவியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என்னை இழுத்துப் போக வந்தவன் எவ்வளவு நேரமாய் அங்கே நின்றானோ.

வெளியிலிருந்து ஒருவர் யோசனை சொன்னால் ஆட்டம் எதிராளிக்கு. அதுவும் விதி. நடுவர் பெண் கையைத் தூக்கிவிட்டாள். அதே நாற்காலி, அதே ஜந்து, அதே ஆளால் இரண்டாம் தடவையும் தோல்வி. "பரவால்ல தாத்தா, நாம தொடர்ந்து ஆடலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் கிளார்க். "விதின்னா விதிதான் தம்பி, மீதியையும் ஜெயிச்சுக் கோப்பைய நீங்களே வச்சுக் கழுவுங்க" என்றேன்.

உன் அப்பன் முகம் செத்துவிட்டது. படி இறங்கப் போனான். எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்தேன். கொட்டகையில் மூட்டை பிடித்த பிடி இன்னும் போகவில்லை. "எங்கடா போற? வந்து உக்காரு" என்று இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். மீதி ஆட்டம் முழுவதும் இருந்து பார்த்தோம். எவனாவது தப்பான சாமானைக் கொடுத்தால் அவன் உச்சுக்கொட்டினான்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அது வளையம் என்று எழுத்துத் தெரிந்த யாரும் படித்துவிடலாம். அது என்ன செய்யும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? நான் கயிறு கொடுக்க நினைத்தது எப்படித் தெரியும்? வழியெல்லாம் கேட்டேன், கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டே நடந்தான். இப்போதும் பேனா நின்றுவிட்டது. எழுதுடா என்கிறேன்.

அடுத்த வருஷம் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் போட்டியாம். கிளம்பும் முன்பே நடுவர் பெண்ணிடம் பேர் கொடுத்துவிட்டேன். முதல் பேர் உன்னுடையது. பக்கத்தில் என் கட்டைவிரல். பின்வரிசையில் ஒருவன் "கைநாட்டு தாத்தா" என்று சிரித்தான். "ஆமாடா, என் கட்டவிரல் இந்த ஒலகத்துல ஒண்ணுதான், உன் கையெழுத்த எவன் வேணா போடலாம்" என்றேன். உன்னை வா என்று நான் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. பேர் இருக்கிறது, அவ்வளவுதான். கயிறு இழுத்துப் போன ஜந்து பெஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அதன் இடத்தை யாரும் எடுக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ இருக்கிற இடத்தில் நிமிர்ந்து நில். எந்த ஊரில் இருந்தாலும் என் ஆசி உன் தலை மேல் இருக்கும்.

கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அதில் இவன் என்ன எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. படித்துக் காட்டச் சொல்லவும் மாட்டேன். வெறுமையாக இருந்தாலும், கண்ணு, அதையும் படி.

உன் தாத்தா
(பெருவிரல் ரேகை)

சில்லறை இப்போது நாற்பத்தொன்பதாவது லெவலில் இருக்கிறது. இன்னும் ஒன்று ஏறினால் புது வித்தை வரும் என்று போட்டிருக்கிறது. அது உன் கையால் ஏறட்டும் என்று அதோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.
அப்பா