மூன்றாவது புள்ளி

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் புது கிராஃப் ஷீட் கட்டைப் பிரித்தேன். அந்தப் பச்சை மையின் வாசனை வந்ததும் என்னையறியாமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். இப்போது அதில் ஹிந்தி மேடம் உட்கார்கிறார். நல்லவர்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதே, உன் மேல்தான்.

இந்தத் தெலுங்கு ஊரில், லோத்குண்டாவில் இருக்கும் இந்தப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தோம். நீ கோயம்புத்தூர், நான் திருநெல்வேலி. முதல் வாரமே சண்டை. இரண்டு சமன்பாடு கொடுத்தால் ஒன்றை இன்னொன்றில் பிரதியிட்டு, x இவ்வளவு y இவ்வளவு என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவள் நான். உனக்கு அது பிடிக்காது. “விடையப் புடிச்சுட்டே, சரி. அது எங்க குடியிருக்குதுன்னு பாத்தியா?” என்பாய்.

ஒருநாள் உன் வகுப்பைத் தாண்டிப் போனபோது நின்று பார்த்தேன். பலகையில் x + y = 6 என்று எழுதி, இதற்கு எத்தனை விடை என்று கேட்டிருந்தாய். ஒருத்தி இரண்டும் நாலும் என்றாள். ஒருவன் ஏழும் மைனஸ் ஒன்றும் என்றான். பின்பெஞ்சில் ஒரு வாலு அரையும் ஐந்தரையும் என்றது. சொன்னவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பலகையில் போட்டிருந்த கிராஃபில் அவரவர் புள்ளியை வைக்கச் சொன்னாய். யாரும் சொல்லாமலே புள்ளிகள் ஒரே வரிசையில் வந்து நின்றன. கோடு என்றால் அந்தச் சமன்பாட்டின் விடைகளெல்லாம் கூடி நிற்கிற இடம் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. அதுவரை நான் அதை மார்க்குக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோடு போட இரண்டு புள்ளி போதும். “ரெண்டு பாயிண்ட்லு சாலு கதா மேடம்?” என்று பிள்ளைகள் தெலுங்கில் கெஞ்சும். நீ விடமாட்டாய். “எந்த ரெண்டு புள்ளி வெச்சாலும் ஒரு கோடு போட்டுரலாம். சரியா தப்பான்னு மூணாவதுதான் சொல்லும்” என்பாய். கோட்டின் முனையில் அம்புக்குறி இல்லாவிட்டால் அரை மார்க் போய்விடும். கோடு அங்கே முடிவதில்லையாம்.

அப்புறம் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோ எடுத்தார்கள். இதயம் ரத்தத்தை இறைக்கும் அளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார் டாக்டர். சில மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு அச்சில் மாதத்தையும் இன்னொன்றில் இதயத்தையும் வைத்து இரண்டு புள்ளி குறித்தாய். ஸ்கேலை எடுக்கப் போனபோது நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

“ஏட்டி, உன் சட்டம் உனக்கு இல்லையா? மூணாவது வரட்டும்” என்றேன்.

“சரி, வரட்டும்” என்று சிரித்தாய்.

பிள்ளைகளின் மூன்றாவது புள்ளி கோட்டில் விழுந்தால் டிக் போடுகிறவள் நான். உன்னுடையது மட்டும் விலகி விழ வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

மூன்றாவது முறையும் டாக்டர் கொஞ்சம் என்றுதான் சொன்னார். தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் சின்னச் சொல். தாளில் நீ ஸ்கேலை வைத்தபோது நூலிழை இடைவெளி இல்லை. உடம்பு நேர்கோட்டில் போகாது என்று வாதாடினேன். “போகாதுதான். எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரியுதல்ல?” என்றாய். கோட்டை மூன்றாவது புள்ளியோடு நிறுத்திவிட்டாய். அம்புக்குறி போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து புனேயில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டாய். அவளுக்கு அம்மாவுக்கு பிபி என்பது மட்டும்தான் தெரியும்.

“கண்ணு, லீவு போட்டுட்டு வா. மாங்கா வந்தாச்சு, ஆவக்காய் போடோணும்.”

“கைக்கு மம்மி? சடனா?” ‘ஏன்’ என்பதற்கு அவள் வாயில் இந்த ஊர் ஹிந்திதான் வரும்.

“சும்மாதான். உன்னப் பாக்கோணும்னு இருக்குது.”

உன் குரல் துளியும் நடுங்கவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் லேப்டாப்போடு வந்து மழைக்காலம் வரை இருந்தாள். ஊறுகாய் போட்டீர்கள். உப்பு அதிகம் என்று சண்டை போட்டீர்கள். நீ தமிழில் திட்ட, அவள் தெலுங்கில் பதில் சொல்ல, உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒரு விடியற்காலையில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று சமையலறையில் அவள் என்னிடம் வந்தாள். என்னிடம் தமிழில் பேசியே அறியாத பெண், அன்று தேடித் தேடித் தமிழில் கேட்டாள்.

“ஆன்ட்டி, அம்மாக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். உன்ன வரச் சொன்ன அன்னைக்கே தெரியும்.”

அவள் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

“அப்போ அம்மா அவ்ளோ சிரிச்சது?”

“எல்லாம் தெரிஞ்ச பொறவுதான், தாயி.”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் மூன்றாவது புள்ளி விழும் நாளில் எனக்கும் அது வேண்டியிருக்கும்.