காஜா அங்கே, ஓவர்லாக் இங்கே

மார்ச் 4

காஜா மிஷினின் ஏகபோக உரிமையாளர், என் வீட்டுக்காரர், கட்டிங் மாஸ்டர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலம்தான் என்று ரொட்டி வேன்காரர் சொன்னார். "மாஸ்டர் மூஞ்சிய உர்ருனு வச்சிக்கிட்டிருக்காரு, மத்தபடி ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றார். முகம் உர்ரென்று இருந்தால் உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த மூட்டையில் காலர் வைத்த பனியன் சட்டைகள் இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே காஜா எடுக்க வேண்டிய இடத்தைச் சாக்கால் குறித்திருக்கிறேன். பனியன் துணி இழுபடும். அடியில் காகிதம் வைத்து எடுங்கள். எனக்கே பாடமா என்று கோபப்படாதீர்கள். நீங்கள்தான் பனியன் துணியைக் கையாலும் தொட மாட்டேன் என்று சபதம் போட்டவர் ஆயிற்றே.

பிரிந்து வரும்போது ஓவர்லாக் மிஷினை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். காஜா மிஷினை நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். இப்போது உங்கள் பேண்டின் உள்தையல் பிசிறடிக்காமல் இருக்க நான் வேண்டும். என் சட்டைக்குப் பட்டன் ஓட்டை போட நீங்கள் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் கடையில் நீங்கள், இந்தப் பக்கம் தங்கச்சி வீட்டு முன்னறையில் நான். நடுவில் மூட்டையைச் சுமக்க ரொட்டி வேன். பார்த்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

போன் பண்ணலாமே என்று தங்கச்சி கேட்கிறாள். போனில் நான் எது கேட்டாலும் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மைக் கேட்பதற்கு நான் அங்கேயே இருந்திருக்கலாம். கடிதம் என்றால், வெறும் "ம்" என்று எழுதி அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும். ஆகவே மேலே இருக்கும் சட்டையின் பாக்கெட்டில் இதை வைக்கிறேன். நீங்களும் அப்படியே வையுங்கள்.

வக்கீல் எப்படி இருக்கிறார்? அவர் இடுப்பு சௌக்கியமா?

இப்படிக்கு,
எலாஸ்டிக் வைத்த பாவி


மார்ச் 9

பனியன்காரிக்கு,

காஜா எடுத்து அனுப்பியிருக்கிறேன். காகிதம் வைக்கவில்லை. மெல்லிய கேன்வாஸ் வைத்தேன். அதுதான் முறை.

வக்கீலின் இடுப்பை விசாரிக்க உனக்கு எவ்வளவு துணிச்சல்! அந்த மனிதர் போன வருடம் முழுக்கக் கடைக்கு வரும்போதெல்லாம், "மாஸ்டர், உங்க கட்டிங்கே கட்டிங். வயிறு முட்டச் சாப்பிட்டு உக்காந்தாலும் பேண்ட் இறுக்கவே மாட்டேங்குது" என்று புகழ்ந்தார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். கடைசியில் ஒருநாள் பட்டன் மாற்ற வந்த பேண்டின் இடுப்புப் பட்டையைப் பிரித்தால், உள்ளே, பின்பக்கம், என் பெயர் போட்ட லேபிளுக்கு நேர் பின்னால் எலாஸ்டிக்! பைஜாமாவில் போட வேண்டியதை வக்கீல் பேண்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய். கட்டிய பெண்டாட்டியே இப்படிச் செய்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இங்கே நிலைமை சரியில்லை. எதிரே உள்ள ஆபீஸில் இந்த மாதத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எந்த உடுப்பில் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். காலையில் கடை வாசலில் நின்று பார்க்கிறேன். டி-சர்ட், ஜீன்ஸ், ஓட்டப் பந்தயத்துக்குப் போடும் ஷூ. மேனேஜரே அப்படித்தான் வருகிறார். அந்தக் கட்டடத்தில் சட்டையை ஒழுங்காக இன் பண்ணிக்கொண்டு நிற்பவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவருக்கும் நான் தைத்ததில்லை, கம்பெனி கொடுத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
லேபிளில் பெயர் உள்ளவன்


மார்ச் 15

என் மாஸ்டருக்கு,

மூட்டை வந்தது. பிரித்ததும் முன்னறை முழுக்க ரொட்டி வாசனை. காஜா ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கேன்வாஸ்தான் முறை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கடிதத்தைத்தான் படித்தேன். "எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் பயம் வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

சரி, அந்தப் பயத்துக்கு வருவோம். உடுப்பு ஒன்றும் இன்றைக்குத்தான் கெட்டுப்போகவில்லை. நீங்கள் சட்டைக்குள்ளே பொத்திப் பொத்திப் போட்டுக்கொள்ளும் பனியன் என்றைக்கோ வெளியே வந்து, சாயம் பூசிக்கொண்டு, நெஞ்சில் எழுத்து அச்சடித்துக்கொண்டு, டி-சர்ட் என்ற பெயரில் ஊர் சுற்றுகிறது. ஜீன்ஸ் மட்டும் என்னவாம்? சுரங்கத்திலும் பட்டறையிலும் முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்காகத் தைத்த முரட்டுத் துணி. இப்போது முட்டியைக் கிழித்துவிட்டே விற்கிறார்கள், கிழிசலுக்குத் தனி விலை. ஓடுவதற்குத் தைத்த பேண்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறார்கள். படுப்பதற்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். வீட்டு உடுப்பு, வெளி உடுப்பு என்று இரண்டு அலமாரி வைத்திருந்த காலம் மலையேறிவிட்டது.

போன வாரம் ஒரு நர்ஸ் வந்தாள். "அக்கா, அழகு கிழகெல்லாம் அப்புறம். எனக்குப் பாக்கெட் வேணும். ரெண்டு பக்கமும் வேணும். சும்மா பேருக்கு இல்ல, கை முழுசா உள்ள போகணும்" என்றாள். தைத்துக் கொடுத்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள் பாருங்கள், ராணி தோற்றாள். மறுநாள் அவள் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் சட்டைக்கு இன்னும் நீள வால் விடுகிறீர்கள். இன் பண்ணினால் வெளியே நழுவாமல் இருக்க முன்னும் பின்னும் வளைத்து விட்ட வால் அது. இன் பண்ணாதவர் அதைப் போட்டால் தொடையைத் தட்டிக்கொண்டு தொங்காதா? வாலை வெட்டுங்கள். கீழே நேராக மடியுங்கள். பக்கவாட்டில் சின்னதாகப் பிளவு விடுங்கள். காலருக்குள் அந்தக் கெட்டிக் கேன்வாஸ் வேண்டாம். தோளையும் காஜாவையும் மட்டும் மாற்றாதீர்கள், அது உங்கள் கைவண்ணம். எதிர் ஆபீஸ் மேனேஜருக்கு ஒன்றே ஒன்று தைத்துப் பாருங்கள்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவும். விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஆலோசகர்


மார்ச் 29

ஆலோசகர் அம்மாவுக்கு,

முதலில் சாப்பாடு. காலையில் ரொட்டி. மதியமும் ரொட்டி. வேன்காரர் மூட்டையோடு ஒன்றைக் கையில் திணித்துவிட்டுத்தான் போகிறார். ராத்திரிக்கு முட்டை, அதைத் தொட்டுக்கொள்ளவும் ரொட்டி.

வாலை வெட்டிவிட்டேன். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. மேஜையில் துணியை விரித்து, கோடு போட்டு, கத்தரிக்கோலை வைத்தால் கை தானாக அந்தப் பழைய வளைவுக்கே போகிறது. அதை இழுத்துப் பிடித்து நேராக வெட்டினேன். மேனேஜர் ட்ரையலுக்கு வந்தார். போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். குனிந்தார். என் ஸ்டூலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மாஸ்டர், இதோட அப்படியே தூங்கிடலாம் போல இருக்கே! ஆனா மீட்டிங்குக்கும் போலாம்!" என்றார். இது பாராட்டா திட்டா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த ஆபீஸே என் வாசலில் நிற்கிறது. ஒரு பெண் தன் அப்பாவின் பழைய சட்டையைக் கொண்டுவந்து, "இதே மாதிரி தொளதொளன்னு, தோள் கீழ இறங்கி இருக்கணும்" என்றாள். தோள் இறங்கியிருந்தால் அளவு தப்பு என்று வாழ்நாள் முழுக்கத் திட்டியவன் நான். அவள் போன பிறகு தனியாக நின்று சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு விஷயம். மூட்டையின் அடியில் ஒரு சாம்பல் நிறப் பேண்ட் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வாடிக்கையாளருடையது. கௌரவமான மனிதர். ரொட்டியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு கொஞ்சம் முன்னே வந்துவிட்டதாம். பின்பக்கம் பட்டைக்குள் எலாஸ்டிக் வைத்துத் தர வேண்டுமாம். வெளியே தெரியக் கூடாதாம். அதெல்லாம் உனக்குத்தான் கைவந்த கலை.

எலாஸ்டிக் சண்டையை நான் விட்டுவிட்டேன். நீ வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 3

என் கௌரவமான மனிதருக்கு,

ரொட்டி சாப்பிட்டுத் தொப்பை போட்ட அந்த வாடிக்கையாளர் யார் என்று கண்டுபிடிக்க நானும் தங்கச்சியும் ரொம்பவும் கஷ்டப்பட்டோம். பேண்டின் வலது பாக்கெட் மட்டும் கத்தரிக்கோல் முழுசாக இறங்கும் ஆழம். இந்த உலகத்தில் கத்தரிக்கோலுக்குப் பாக்கெட் வைத்துக்கொள்ளும் கௌரவமான மனிதர் எத்தனை பேர் இருப்பார்கள்? தங்கச்சி சிரித்த சிரிப்பில் நூல்கண்டெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. நல்ல அகல எலாஸ்டிக்காகவே வைத்திருக்கிறேன். அவரைத் தாராளமாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

இனி சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். நான் வரவில்லை.

எலாஸ்டிக்குக்காகவா நான் வீட்டைவிட்டு வந்தேன்? அன்றைக்கு நீங்கள் அந்தப் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேண்டிடம் கத்தினீர்கள். தெருவில் இறங்கி வாட்ச்மேனிடம் புலம்பினீர்கள். எதிரே நின்ற என்னிடம் "ஏன் வச்சே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் வாயில் குண்டூசி. துணியோடு பேசுவீர்கள், அளவு கொடுக்க வந்தவரோடு பேசுவீர்கள், எனக்கு "ம்". நான் என் மிஷினில் உட்கார்ந்து தனியாகப் பேசிப் பேசி, என் குரலே எனக்குச் சலித்துவிட்டது.

இப்போது உங்களுக்குப் பயம் வருகிறது. சிரிப்பு வருகிறது. கூட ஆள் இல்லை என்று உறைக்கிறது. அதையெல்லாம் எனக்கு எழுதுகிறீர்கள். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வேன் வரும் நாளில் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், இந்த வயதில். நான் பாலத்தைத் தாண்டி வந்தால் இவர் காணாமல் போய்விடுவார். பழைய ஆள்தான் மேஜையில் குனிந்து நிற்பார். அதற்குப் பயந்துகொண்டுதான் வரவில்லை. வராமல் இருப்பதும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

உங்கள் மனைவி


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருக்கிறேன். தொழில் பழகும்போதுகூட இப்படிச் செய்ததில்லை.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் வக்கீல் வந்தார். மனசு கேட்காமல் எலாஸ்டிக் விஷயத்தை உடைத்துவிட்டேன். "என் இடுப்பு எனக்குத் தெரியாதா மாஸ்டர்? அது உங்க வீட்டம்மா கைவேலைன்னு முதல் நாளே தெரியும். நீங்க பெருமையா நின்னீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார். மானம் போய்விட்டது. போனதும் ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது.

பிறகு உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். கோபப்படாதே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரம் படிக்கிற மாதிரி படித்தார். "அவங்க வரமாட்டேன்னுதான் எழுதியிருக்காங்க. நீங்க வரக் கூடாதுன்னு எந்த வரியிலயும் இல்லையே" என்றார்.

ஆகவே வெள்ளிக்கிழமை ரொட்டி வேனில் காஜா மிஷின் வருகிறது. அது சாயாமல் பிடித்துக்கொண்டு நானும் வருகிறேன். மேனேஜர் ஆட்கள் பாலத்தைத் தாண்டி அங்கேயே வருகிறார்களாம். நீ பயப்படுகிற அந்தப் பழைய ஆளும் என் கூடவேதான் வருவான். அவனை வழியில் இறக்கிவிட எனக்குத் தெரியவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


மே 2

எதிர் மிஷினில் இருப்பவளுக்கு,

நீ கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து நர்ஸ்களின் உடுப்புக்கு ஓவர்லாக் அடித்துக்கொண்டிருக்கிறாய். நான் யாருடைய அளவையோ எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

வந்த புதிதில் நன்றாகத்தான் போனது. நான் பேசியதைப் பார்த்து மச்சினியே வாயைப் பிளந்தாள். அப்புறம் மேஜை போட்டோம், வேலை குவிந்தது, என் தலை குனிந்துவிட்டது. நேற்று நீ கேட்டாய், "இந்தப் பச்சைக்கு வெள்ளைப் பட்டன் வைக்கவா, பச்சையே வைக்கவா?" என்று. நான் "ம்" என்றேன். நீ பட்டன் டப்பாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். இந்த முறை மூட்டை கட்ட வேண்டியவன் நான்தான், இது உன் கடை. எனக்குப் போக விருப்பமில்லை.

சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. பேனாவைப் பிடித்தால் வருகிறது. உன் முகத்தைப் பார்த்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் துணியைப் பார்த்துவிடுகிறேன்.

நேற்றுச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். வெள்ளைப் பட்டன் வை, பச்சைக்கு எடுப்பாக இருக்கும். நீ இப்போது போட்டிருக்கும் அந்தத் தொளதொள மேல்சட்டையை முதலில் பார்த்தபோது சாக்கு என்று நினைத்தேன். இப்போது அதில் நீ கையை உயரத் தூக்கி அலமாரி மேல்தட்டில் இருந்து துணி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கேயும் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. நான் உனக்குக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்த எதிலும் நீ கையை அவ்வளவு தூக்கியதில்லை. பிடிக்கிறதா என்று நான் கேட்டதும் இல்லை. உனக்கு இனி இப்படித் தொளதொளவென்று ஒன்று தைக்க எனக்கு ஆசை. கையை எவ்வளவு தூக்க வேண்டும் என்று நீயே சொல்லு, அதன்படி வெட்டுகிறேன். நீ இருக்கிற இடத்தில் இருப்பது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

இதை மடித்து எந்தப் பாக்கெட்டிலும் வைக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும் உன் மிஷினை நிறுத்தச் சொல்லி, எதிரே நின்று, வாய்விட்டுப் படிக்கப் போகிறேன். பேப்பரைப் பார்த்துப் பேசுகிறாரே என்று சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நாளைக்கு இப்படித்தான்.

கையெழுத்துப் போடவில்லை. குரலைக் கேட்டால் யார் என்று உனக்குத் தெரியுமே.