வெள்ளைச் சப்பாத்தும் தோடம்பழமும்

2003 பெப்ரவரி 2, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. நாற்பது வருஷம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த கை பேனையையும் அதே மாதிரி இறுக்குகிறது, தாள் கிழிகிறது. பிறகு இதை எடுத்துப் படிக்கப் போகிறதும் இந்த முருகையாதான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு காலையில், வேலைநாளில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. மர்லியா டீச்சர் பசறையிலிருந்து வருகிறார். “வாரத்துல நடந்தத எழுதுங்கய்யா, எனக்குக் காட்டத் தேவையில்ல” என்றார். எனக்கு வாரத்தில் நடப்பது ஒன்றுதான். சனிக்கிழமை இரவு டீவி நாடகம்.

அதில் இரண்டு திருடர்கள். ஒருவன் தோடம்பழம் உரித்தபடி மெதுவாகப் பேசுவான். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக விழும். மற்றவன் லொறிக் கம்பனி முதலாளி. எந்தச் சேற்றில் நடந்தாலும் அவன் வெள்ளைச் சப்பாத்தில் பொட்டு அழுக்கு இருக்காது. ஒரு பெட்டி நீலக்கல்லுக்காக இருவரும் போட்டி. ஒரு இன்ஸ்பெக்டரும் இருக்கிறார். அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் தோடம்பழக்காரன் கட்சி. சம்பந்தி வீரய்யா வெள்ளைச் சப்பாத்துக் கட்சி. அவர் பாலத்துக்கு அப்பால் கீழ் லயம், நான் மேல் லயம். அவர் மகள் ஜெயலெட்சுமிதான் என் மருமகள். டீவி அவர் சீராகக் கொடுத்தது, அதை ஓட்டுகிற கார் பேட்டரி நான் வாங்கியது. லயத்து வரிசை வீடுகள் எதிலும் கரண்ட் இல்லை. அதனால் சனிக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டில்தான்.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

பெப்ரவரி 9

நேற்று வெள்ளைச் சப்பாத்து பெட்டியைத் திருடிவிட்டான். சம்பந்தி தொடையில் தட்டி, “பாத்தீங்களா எங்காளை?” என்றார். கடைசியில் பெட்டியைத் திறந்தால் எல்லாம் கண்ணாடி. கல்லைத் தோடம்பழக்காரன் முன்பே மாற்றி வைத்திருக்கிறான்.

“எங்காளு கொஞ்சம் கண்ணாடி குடுத்தனுப்பினாரு” என்றேன். சம்பந்தி பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரவெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். என் மனைவி பெரியாயி எழுந்து, “வயசாகிருச்சு, படுங்க” என்றாள்.

பெப்ரவரி 11

இன்று ‘ஞ’ வந்துவிட்டது. இத்தனை நாள் வராமல் இருந்தது.

பெப்ரவரி 16

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை.

நாடகத்துக்கு முன்னால் நடிப்பவர்களின் பெயர்கள் ஓடும். முதல் எழுத்தை நான் பிடிப்பதற்குள் ஆள் போய்விடுவான். அதனால் மகன் தயாபரனிடம் அந்த இருவரின் சொந்தப் பெயர்களை எழுதி வாங்கி ஒரு வாரம் பழகினேன். நேற்றுப் பிடித்துவிட்டேன். தோடம்பழக்காரன் பெயர்தான் முதலில் வருகிறது. வெள்ளைச் சப்பாத்து மூன்றாவது. இன்ஸ்பெக்டருக்கும் பின்னால்.

சொன்னேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். அதில் என்ன தப்பு?

சம்பந்தி சிரித்தார். “உங்களுக்கு எழுத்து தெரியும்னு நாங்க எப்படிங்க நம்புறது? இஷ்டத்துக்குப் படிப்பீங்க.” எல்லாரும் சிரித்தார்கள்.

எழுத்து தெரியாதாம் எனக்கு. மழையிலயும் பனியிலயும் போய்ப் படிச்சேன், பொய் சொல்லவா படிச்சேன்?

“இனி உங்க லயத்துப் படிய மிதிச்சா நான் முருகையா இல்ல” என்றேன். “உங்க வாசலுக்கு நான் வந்தாப் பாருங்க” என்று அவரும் எழுந்துவிட்டார். ஜெயலெட்சுமி எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை பாவம்.

பெப்ரவரி 17

சம்பந்திதான் முதலில் பேச வேண்டும். நான் பேச மாட்டேன்.

மார்ச் 3

ஜெயலெட்சுமிக்கு வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்பினோம். முதல் பிரசவம், அங்கேதான். பிறகு மூன்று மாதம் பிள்ளையும் அங்கேதான் இருக்கும். “எங்க நின்னு பேரப்பிள்ளைய பாப்பீங்க? பாலத்துல நின்னா?” என்று பெரியாயி கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவில்லை. இப்போது வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

கூடவே டீவியும் போய்விட்டது. “பிள்ளைக்குக் குடுத்த சாமான், பிள்ளை கூடப் போகட்டும்” என்று சம்பந்தி சொல்லி அனுப்பினாராம். போகட்டும். பேட்டரி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 9

நேற்று மாலை கீழ் லயத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து, “அக்கா நாடகம் பாக்கணுமாம், பேட்டரி கேட்டாங்க” என்றது. அக்காவுக்கு நாடகமே பிடிக்காது. இது வெள்ளைச் சப்பாத்து வேலை. “பேட்டரி சார்ஜுக்குப் பசறை போயிருக்கு” என்றேன். இது தோடம்பழ வேலை.

ஆக, அவரிடம் டீவி, என்னிடம் பேட்டரி. இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 23

ஹுமைத் தம்பி சனிக்கிழமைகளில் பசறையிலிருந்து வேனில் மரக்கறி கொண்டு வருவார். இன்று ஞாயிறு, கோயிலுக்குச் சாமான் இறக்க வந்தார். நேற்றைய கதையை அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளைச் சப்பாத்து அந்தக் கண்ணாடிப் பெட்டியை நிஜக்கல் என்று சொல்லித் தோடம்பழக்காரனின் ஆட்களுக்கே விற்றுவிட்டானாம். எதிரிக் கட்சிதான், ஆனாலும் கெட்டிக்காரன். இப்போது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நிஜக்கல். ஆளுக்கொரு தேத்தண்ணி. எதில் விஷம் என்று தெரியாது. யாரும் குடிக்கவில்லை. அதோடு முடிந்ததாம்.

“வாற சனிக்கிழமை கடைசி. பாக்காம விட்டுறாதீங்க ஐயா” என்றார்.

எப்படிப் பார்ப்பேன்? சம்பந்திக்கும் இதையே சொல்லியிருப்பார். அவருக்கும் தூக்கம் வராது.

மார்ச் 31, திங்கள்

நிறைய எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையிலேயே பேட்டரியைச் சார்ஜ் செய்து கொண்டுவந்து வைத்தேன். கடைசி நாள், கட்டாயம் சம்பந்தி கேட்டு வருவார் என்று கணக்கு. விளக்கு வைக்கிற நேரம் வாசலில் நிழல். அவரேதான். மூச்சு வாங்கிக்கொண்டு, “சம்பந்தி, பேட்டரி குடுங்க” என்றார்.

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். “தோடம்பழக்காரந்தான் பெரிய ஆளுன்னு சொல்லுங்க, தாறேன்.”

“அவந்தான் பெரிய ஆளு” என்றார் உடனே. “பிள்ளைக்கு வலி வந்திருச்சு. ஹுமைத் வேன் கெளம்ப மாட்டேங்குது, பேட்டரி செத்துப்போச்சு.”

ஜெயிச்சேனே, இப்படியா ஜெயிக்கணும்?

தயாபரன் தேயிலைப் பெக்டரியில் வேலையில் இருந்தான். சாக்கில் பேட்டரியை வைத்து, ஒரு முனையை நானும் ஒரு முனையைச் சம்பந்தியும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாலத்தில் வழுக்கியபோது இரண்டு பேரும் பேட்டரியைத்தான் பிடித்தோம், ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. வேன் பள்ளத்தில் நின்றது, தள்ளி ஓட்டவும் வழியில்லை. ஹுமைத் என் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினார். ஒரு இருமல், அப்புறம் பிடித்துவிட்டது. கீழ் லயத்துப் படியை மிதித்தேனா? மிதித்தேன். ஜெயலெட்சுமியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவர ஏறினேன். படியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் ஜெயலெட்சுமியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. சம்பந்தி என் கையைப் பிடித்து, “அந்தப் பலகைல என்ன போட்டிருக்கு, படிங்க” என்றார். மூன்று பாஷையில் எழுதியிருந்தது, நடுவில் இருந்தது நம் எழுத்து. ம, க, ப், பே, று. நான் கூட்டிப் படித்து முடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை. “மகப்பேறு, இடது பக்கம்” என்றேன். இடது பக்கம் நடந்தார். வேறு யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

விடிந்த பிறகு நீள வாங்கில் உட்கார்ந்து நாடகத்தை நாங்களே முடித்தோம். சம்பந்தி கதையில் தோடம்பழக்காரன் செத்தான். என் கதையில் வெள்ளைச் சப்பாத்து. சத்தம் கேட்டு, காலை வேலைக்கு வந்த நர்ஸ், செல்வநாயகி மிஸ்ஸி, எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து அம்மா.

“ஏன் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறியள்? நான் நேற்று அதைப் பாத்தனான். கடைசியில என்ன நடந்ததெண்டா—”

“சொல்லாதீங்கம்மா” என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கீழ் லயத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹுமைத் புது பேட்டரி போட்டுக்கொண்டார், என்னுடையது திரும்பி வந்துவிட்டது. அதை மேலே கொண்டுபோக யாருக்கும் ஞாபகம் இல்லை. டீவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நானும் தினமும் இங்கேதான். பெரியாயி சோற்றையே இங்கு கொண்டுவந்துவிட்டாள்.

நாடகம் எப்படி முடிந்தது என்று தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நாங்கள் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். நேற்றுப் புது நாடகம் தொடங்கியது. பெயர் ஓடும்போது சம்பந்தி எல்லாரையும் அதட்டினார்: “பேசாதீங்க, அவரு படிக்கட்டும்.” நான்கு பெயர் பிடித்தேன்.

இதில் கெட்டவன் யார் என்று இன்னும் தெரியவில்லை. வாற சனிக்கிழமை தெரிந்துவிடும். சம்பந்தி பிடிப்பதற்கு முன்னால் கெட்டிக்காரனை நான் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமை அவன் பெயரை இங்கே முதலில் எழுதி வைத்துவிடுவேன்.

பிள்ளை எழுந்துவிட்டது. சம்பந்தி தூக்கினால் அழுகை நிற்காது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.