அம்மா ஏறுகிற கார்

என் செல்லக்குட்டித் தம்பி றெஜிக்கு,

குட்டி என்று கூப்பிட்டால் நாற்பது வயதிலும் முகத்தைச் சுளிப்பாய். இப்போது சுளிக்க ஆளில்லை, அதனால் ஆசை தீரக் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் வந்து சொல்லடா.

முதலில் வீட்டுப் புதினம். அம்மா இப்போது வில்லரேயில் என்னோடுதான் இருக்கிறார். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் உன் இடத்துக்கு ஒரு ஹெயிட்டிக்காரர் வந்திருக்கிறார். உன் லொக்கரில் கிடந்த சாமான்களைப் பையில் போட்டு அவர்தான் கொண்டுவந்து தந்தார். உன்னை ஒருநாளும் கண்டிராத மனிதர் கதவடியில் நின்று அழுதார். நான்தான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன்.

நான் சொல்ல வந்தது செபமாலை அண்ணையைப் பற்றி. உன்னை அடித்தது அவருடைய கார் என்று உனக்குத் தெரியுமோ? றோட்டில் கிடந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தாயோ? நம்முடைய பங்குக் கோயில் ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைத் தமிழ்ப் பூசைக்கு ஏற்றி இறக்குகிற அதே செபமாலை அண்ணை.

மே மாதம், பட்டப்பகல், நல்ல வெயில். நீ மோட்டர்சைக்கிளில் ஜான்-டலோன் சந்தைக்கு நேரே போய்க்கொண்டிருந்தாய். உனக்குப் பச்சை. எதிரே வந்த அவருக்கும் பச்சை. அவர் இடப்பக்கம் திரும்பினார், உனக்குக் குறுக்கே திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஏதாவது நடந்திருக்கும் என்று நான் எத்தனை பேரைக் கேட்டேன்! ஒன்றுமே இல்லை.

"நான் அவனைக் காணேல்லைத் தங்கச்சி. கடவுளறிய, காணேல்லை" என்று ஆஸ்பத்திரியில் என் முன்னால் வந்து நின்றார். நீ மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தாய். றோட்டுத் திருத்துகிறவன் மாதிரி இருக்கிறாய் என்று நான் எவ்வளவு நக்கலடித்திருப்பேன். அந்த மஞ்சளைக் காணாத கண் என்ன கண்?

பொலிஸ்காரி நல்ல பெண். இடப்பக்கம் திரும்புகிற கார்கள் மோட்டர்சைக்கிள்காரரை இப்படித்தான் அடிக்கடி அடிக்கின்றன என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளாக்கும். ஓட்டினவர் மேல் நட்டஈட்டு வழக்குப் போட இந்த மாகாணத்தில் வழியில்லையாம். அவருக்கு ஒரு தண்டப்பண டிக்கெட் எழுதினார்கள். சிவப்பில் நடந்து றோட்டைக் கடந்ததற்கு எனக்கும்தான் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்தவீடு முடிந்து சனமெல்லாம் போன பிறகு கேட்டார்: "இடப்பக்கம் திரும்பிறதிலை என்ன ஆபத்து? கரையோடை கரையாத் திரும்பிறதுதானே?"

மன்னாரில் அப்படித்தானே. வாகனம் இடப்பக்கத்தால் ஓடுகிற ஊரில் இடப்பக்கம் திரும்ப எதிரே வருகிறவனைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அவர் தலைக்குள் இன்னும் மன்னார் றோட்டுத்தான். மேசையில் உப்புப்போத்தலைக் காராகவும் நெருப்புப்பெட்டியை நீயாகவும் வைத்து, இங்கே இடப்பக்கம் திரும்புகிறவன் எதிரே வருகிறவனைக் குறுக்கே வெட்டித்தான் போகவேண்டும் என்று காட்டினேன். அம்மா நெருப்புப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவர் எங்கை பாத்திருக்க வேணும்?"

"நேர முன்னுக்கு, அம்மா. எதிர்ப்பக்கம். தூரத்திலை சின்னனா ஏதும் வருதோ எண்டு."

"சின்னனா" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆடி மாதம் போல ஒருநாள் சோறு தின்னும்போது சொன்னார்: "ஞாயிறு செபமாலையை வரச்சொல்லு. பூசைக்குப் போகவேணும்."

நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். "உங்களுக்கென்ன விசரே? பெத்த பிள்ளையைக் கொன்றவன்ரை காரிலையோ? நான் கூட்டிக்கொண்டு போறன், பஸ்ஸிலை போவம்."

"அவர் எப்பிடியும் ஓடத்தானே போறார்" என்றார். அது உண்மை. கிழமைக்கு ஐந்து நாள் அதே காரில்தான் வேலைக்குப் போய்வந்தார். ஆனால் அதற்கும் அம்மா ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றில் அந்தக் கார், இல்லாவிட்டால் நான் என்று கத்திவிட்டேன். வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது, தம்பி. ஞாயிற்றுக்கிழமை அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு போய் அந்தக் காரின் முன் சீற்றில் ஏறினார்.

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. குடும்பம் என்று மிஞ்சியது இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் கதையில்லை. சோறு போட்டு வைப்பேன், மருந்து எடுத்து வைப்பேன். அவர் காரில் போவார், நான் பஸ்ஸில் போய்க் கடைசி வாங்கில் இருப்பேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் செபமாலை அண்ணை என் பக்கம் திரும்புவார். நான் குனிந்து பாட்டுப்புத்தகம் தேடுவேன்.

தை மாதம் அம்மா பனியில் சறுக்கி முழங்காலை அடித்துக்கொண்டார். ஆனாலும் பூசையை விடமாட்டார். படியில் இறக்கிக் காரில் ஏற்றிவிட்டு நான் திரும்ப, அம்மா என் கையை விடவில்லை. "ஏறு" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த சொல். பின் சீற்றில் ஏறினேன். செபமாலை அண்ணை கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

முதல் சந்தியில் இடப்பக்கம் திரும்பவேண்டும். சிக்னல் பச்சை. எதிர்ப்பக்கம் றோட்டு வெறுமையாகக் கிடந்தது, பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா முன்னுக்குச் சரிந்து, கையுறையால் கண்ணாடியைத் துடைத்து, தூரப் பார்த்தார்.

"நில்லும் தம்பி. பிள்ளை வாறான்."

செபமாலை அண்ணை நின்றார்.

பனிக்காலத்தில் இந்த ஊரில் மோட்டர்சைக்கிள் ஓடாது என்று உனக்குத் தெரியும். நீயும் மார்கழி பிறக்க முன்னமே உன்னுடையதைப் போர்த்துக் கட்டிவிடுவாயே. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் அடித்தான், ஜன்னலை இறக்கிப் பிரெஞ்சுத் தூஷணம் கொட்டினான். செபமாலை அண்ணை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அம்மா இன்னும் தூரப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் மஞ்சளாகிச் சிவப்பாகியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இந்தப் பனிக்குள்ளை ஆர் வாறது? அங்கை ஒருத்தருமில்லை."

அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவரும் அப்பிடித்தானே நினைச்சவர்."

அடுத்த பச்சைக்கு அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "இப்பத் திருப்பும்" என்றார். அவர் திருப்பினார். ஞாயிற்றுக்கு ஞாயிறு, சந்திக்குச் சந்தி இப்படித்தான் நடந்திருக்கிறது. அம்மா சொல்லாமல் அவர் திருப்புவதில்லை. நான் கோயில் வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இது அவருக்குத் தண்டனையா, காவலா? அம்மாவைக் கேட்டேன். "விசர்க்கதை கதையாதை" என்றார். அதோடு சரி.

இப்போது திரும்பவும் வெயில் வந்துவிட்டது. நானும் பின் சீற்றில் போகிறேன். இப்போது அம்மா "பிள்ளை வாறான்" என்று சொல்லும்போது சிலவேளை உண்மையிலேயே ஒருத்தன் வருகிறான். அம்மா கழுத்தை வளைத்து அவன் மறையும்வரை பார்ப்பார். ஒருத்தனும் நீயில்லை.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பாய். ஒன்றும் இல்லை, தம்பி. அம்மாவால் நிறுத்த முடிவது ஒரே ஒரு கார். இந்த நகரத்தில் எத்தனை ஆயிரம் கார் இந்த நிமிஷமும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்? பொலிஸ்காரி இன்றைக்கும் வேறெங்கோ ஒரு வீட்டுக் கதவடியில் நின்று அதே ஆறுதலைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் செபமாலை அண்ணையை மன்னிக்கவில்லை. மன்னிக்க வரும் போலவும் தெரியவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் இன்றைக்கும் பாட்டுப்புத்தகம்தான் தேடினேன்.

அம்மாவுக்கு எண்பதாகப் போகிறது. ஒருநாள் அந்த முன் சீற் வெறுமையாகும். அவர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பார். அன்றைக்கு நான் முன்னுக்கு ஏறுவேன். "நில்லுங்கோ" என்பதைத் தவிர அவரோடு ஒரு சொல் கதைக்கமாட்டேன். ஆனால் அதைச் சொல்லாமல் ஒரு சந்தியையும் தாண்ட விடமாட்டேன். உன்மேல் ஆணை, றெஜி.

எதிர்ப்பக்கத்தையே பார்த்திருக்கும்
உன் ஒரே அக்கா,
விமலா