அடுத்த சீசனில் நாங்கள் வெல்லக்கூடும், அத்தான்

அன்பான அத்தான்,

சுகமா என்று எழுதத்தான் கை போகிறது. அதை இனி உங்களிடம் கேட்க முடியாது என்பது பேனையை எடுத்த பிறகுதான் உறைக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒன்று என்னிடம் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, ஊசி ஏற்றியிருந்த கையை மெல்ல அசைத்து, "அடுத்த சீசன் எப்பிடிப் போகும் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் நீங்கள் எழும்பி வாருங்கள் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்தப் பேஸ்போல் சீசன் முடிந்துவிட்டது. மோசமாகத்தான் போனது. நீங்கள் இல்லாமல் பந்து எறிய எங்களுக்கு ஆள் இல்லை. எங்கள் கியூபாக்காரர் ராவுல் தொடக்கத்தில் கொஞ்சம் எறிந்தார். பிறகு பேர்கன் நகரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அதன்பின் லார்ஸ்தான் எறிந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிக்கிற மனிதர், எங்கள் கழகத்தின் தலைவர், தங்கமானவர். ஆனால் அவருடைய பந்தைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை. நான் எறிகிறவருக்குப் பின்னால், இரண்டாம் பேஸில் நின்று, தலைக்கு மேலால் பறக்கிற பந்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு ஆட்டத்தில் வென்றோம். அதுவும் எதிரணிக்கு ஒன்பது பேர் சேராததால். வீட்டுக்கு வந்து அக்காவிடம் வென்றோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கு உங்களைத் தெரியாது. ரொறன்ரோவில் வளர்ந்த நீங்கள் என் அக்காவைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தீர்கள். ஒரு சூட்கேசில் உடுப்பு, மற்றதில் பேஸ்போல் கையுறைகளும் மட்டையும். கலியாணக் களைப்பு ஆறுமுன்னே மைதானம் தேடிப் புறப்பட்டுவிட்டீர்கள். அப்பா மட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விக்கெட் இல்லாத கிரிக்கெட்டோ?" என்று கேட்டார். நீங்கள் கோபிக்காமல் பின்னேரம் முழுக்க அவருக்கு விதிகளை விளங்கப்படுத்தினீர்கள். இன்றைக்கும் அவர், மட்டை தட்டையாக இருந்தால் இன்னும் நல்லாய் அடிக்கலாம் என்றுதான் சொல்கிறார்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் உதைபந்தாட்டத்துக்குப் போனார்கள். ஒரு நாள் அணிக்கு ஆள் குறைந்தபோது, சும்மா நின்றால் போதும் என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். கியூபாக்காரர், யப்பான்காரர், அமெரிக்கர், நோர்வேக்காரர், நடுவில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர். நான் அதற்குப் பிறகு நிற்கவேயில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது சொல்லக் கஷ்டமான செய்திக்கு வருகிறேன். எங்கள் மைதானம் போய்விட்டது. நகரசபை அதை உதைபந்தாட்டத்துக்குக் கொடுத்து, செயற்கைப் புல் விரிக்கப்போகிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. உதைபந்தாட்டத்துக்கு ஆயிரம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் ஒன்பது பேரே ஒழுங்காகச் சேருவதில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு காலை ட்ராமை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். பந்து எறிகிறவர் நிற்கிற அந்த மண்மேட்டை, மழையில் டுக்னாட் என்று சிரமதானத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டு, கூலியில்லாமல் மண் சுமக்கவைத்துக் கட்டினீர்களே. ஒரு மஞ்சள் இயந்திரம் அதை வழித்துத் தட்டையாக்கிவிட்டிருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். வேறென்ன செய்ய?

மைதானம் இல்லாத கழகத்தை யார் சேர்த்துக்கொள்வார்கள்? பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோம்காரர்கள் முன்வந்தார்கள். ஓம் அத்தான், அவர்கள்தான். ஒவ்வொரு கோடையும் எங்களை அடித்து அனுப்புகிறவர்கள். அவர்களிடம் தோற்றால் அன்றைக்கு முழுக்க நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். இரண்டு அணியும் ஒன்றாகி அவர்களுடைய மைதானத்தில், அவர்களுடைய பெயரில் விளையாடலாம் என்றார்கள்.

அக்டோபரில் கழகத்துக் கூட்டம் வைத்தோம். லார்ஸ் அக்காவையும் கூப்பிட்டிருந்தார். கோடை ஞாயிறுகளை எல்லாம் பேஸ்போல் விழுங்குகிறது என்று உங்களோடு சண்டை பிடித்த அக்கா, வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். உங்களுடைய நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எல்லோரும் பேசினார்கள். கழகத்தைக் கௌரவமாக மூடிவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எங்கள் பெயரில்லாமல் விளையாடுவதைவிட விளையாடாமல் இருப்பது மேல் என்று ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்போது லார்ஸ் அக்காவிடம், "உங்கள் கணவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டார்.

அக்கா நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். நடுவில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அவர் கோவிச்சிருப்பார். ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைச்சிருக்க மாட்டார். பிறகு முதல் ஆளா லில்லெஸ்ட்ரோம் ரயில்லை ஏறியிருப்பார். அவருக்குப் பேரோ முக்கியம்? பந்து எறியாமல் அந்த மனிசனுக்கு இருக்கேலாது."

நான் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தேன். பிறகு லார்ஸ் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன், சேர்வதற்கு. உங்கள் கழகத்தை முடித்துவைத்த கைகளில் என்னுடையதும் ஒன்று.

அக்கா சொன்னது சரியா, அத்தான்? அவளுக்கு உங்களைத் தெரியும். ஆனால் மைதானத்தில் நிற்கிற உங்களை அவளைவிட எனக்குத்தானே கூடத் தெரியும்?

இப்போது லில்லெஸ்ட்ரோமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி நடக்கிறது. முதல் நாள் அவர்களுடைய பந்து எறிகிறவர், ஏரிக் என்ற தச்சர், நேராக என்னிடம் வந்தார். உங்கள் மெதுவான பந்தில் வருடக்கணக்காக ஏமாந்திருக்கிறாராம். வேகமாக வருவதுபோல வந்து, கடைசியில் மூச்சு விட்டதுபோல் விழுமே, அந்தப் பந்து. நீங்கள் அந்தப் பந்தை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பந்தை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன், மூன்றால் பார்த்தேன். பந்தெறிகிற உங்கள் இடக்கை, எறியும்வரை கையுறைக்குள் மறைந்துதான் இருந்தது. நான் கேட்டிருந்தால் நீங்கள் காட்டியிருப்பீர்கள். அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஏரிக் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உங்கள் செத்தவீட்டுக்கு வர நினைத்ததாகவும், தனக்கு அங்கே என்ன உரிமை என்று நினைத்து வாசலோடு திரும்பிவிட்டதாகவும் சொன்னார். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த என் பையைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். அவர் அங்கே வந்து இருந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அடுத்த சீசன் நன்றாகப் போகும். எறிய ஏரிக் இருக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து அடிக்கத் தெரிந்த யப்பான்காரர் இரண்டு பேரும் வருகிறார்கள். ஆள் சேருமா என்று வெள்ளி முழுக்க போன் அடிக்கத் தேவையில்லை. லார்ஸ், முதலிடத்துக்கே வரலாம் என்கிறார், மிகைப்படுத்திப் பேசுகிற ஆளில்லை அவர். நீங்கள் இருந்த காலத்தில் ஒரு முறையாவது இப்படி ஒரு அணி உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கக் கூடாதா? வெல்வோம் என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அதுதான் நெஞ்சில் வந்து இடிக்கிறது.

அக்காவும் மே மாதம் முதல் ஆட்டத்துக்கு வருகிறாள். வெயில் அடித்தால் மட்டும்தான் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

இந்தக் கடிதம் முழுக்க லில்லெஸ்ட்ரோம்காரர்களை அவர்கள் என்றே எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பனி கரைந்து மைதானத்தில் இறங்குகிற அன்றைக்கு, அவர்களையும் சேர்த்து நாங்கள் என்று சொல்லப் பழகியிருப்பேன். முதலில் நாக்கு மறுக்கும். நீங்களும் இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருங்கள். பிறகு வந்துவிடுங்கள்.

இரண்டாம் பேஸில் நிற்கும்
உங்கள் சின்ன மச்சாள்