வள்ளி வரைந்த தீபம்

திருவண்ணாமலை,
தீபம் முடிந்த வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வேதாவுக்கு,

உன் தோழி பிர்தௌஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வவுனியாவில் உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். இன்று பள்ளியில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உன் தனம் சித்தியைப் பற்றிய இடத்திலும் எதையும் மழுப்ப மாட்டேன்.

உன்னோடு ஓவிய வகுப்பில் உட்காரும் சிங்களப் பிள்ளைகளின் படங்கள் வந்து சேர்ந்தன. பதிலுக்கு நம் பள்ளிக்கு வரும் அகதி முகாம் பிள்ளைகளிடம் படம் வரையச் சொன்னார் அருணாதேவி மிஸ். சித்தியின் மகள் வள்ளி இப்போது மூன்றாம் வகுப்பு. மலை, உச்சியில் தீ, கறுப்புப் புகை, கீழே தலைக்கு மேல் கை தூக்கிய ஜனங்கள் என்று தாள் நிறைய வரைந்திருந்தாள். தீபம் ஏற்றியதும் எல்லோரும் கை கூப்பி அரோகரா சொல்வார்களே, அதுதான். ஆனால் கூப்பிய கை அவளுக்கு வரவில்லை. "விரலெல்லாம் ஒட்டிக்குது மிஸ்" என்று விரித்த கையாகவே போட்டுவிட்டாள்.

மாலையில் அவளை அழைத்துப்போக வந்த சித்தி, படத்தைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யார் உனக்கு இதைச் சொன்னது என்று வள்ளியைக் கேட்டார். "தீபம்மா! நாமதானே போனோம்" என்றாள் அவள். சித்தி மிஸ்ஸிடம், "எங்கட அண்ணாவும் இப்பிடித்தான் கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிட்டப் போனவர். திரும்பி வரேல்லை" என்றார். உன் மாமா ராணுவத்திடம் சரணடைந்ததைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இந்தப் படம் சிங்களவர்களின் பிள்ளைகளுக்குப் போகக் கூடாது என்று சுருட்டி வைத்துக்கொண்டார். "உங்க இஷ்டம்ங்க. குழந்தையை மட்டும் திட்டாதீங்க" என்றார் மிஸ்.

வள்ளி அழுதாள். பிறகு அங்கிருந்து வந்த படங்களில் ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். அதில் ஓர் அப்பா பட்டம் விடுகிறார். அவருக்கு ஒரு கால்தான். வரைந்தவள் நெத்மி, உன் பக்கத்தில் உட்காருபவள் என்று பின்னால் நீ எழுதியிருந்தாய்.

"அவ கால் போட மறந்துட்டா. நான் கை தப்பாப் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு, அனுப்பும்மா" என்றாள்.

"மறக்கேல்லை, பிள்ளை" என்றார் சித்தி.

அந்த அப்பா ஆமிக்காரராக இருப்பாரா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நெத்மியின் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வள்ளியின் படத்தைப் பிரித்து, என் பேனாவை வாங்கி, புகைக்குப் பக்கத்தில் எழுதினார்: 'இது திருவிழா. பயப்படாதேயுங்கோ.' மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டார். மனம் மாறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். எனக்கு அது தெரியாது.

வேதா, அந்த வரியை நெத்மிக்கு நீயே சிங்களத்தில் சொல். அவள் அப்பாவின் காலைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவள் சொன்னால் கேள். அல்லா உங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் வைத்திருக்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்க மிஸ் காத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகியும் சித்தி போகவில்லை, பார்சல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வகுப்பறை விளக்கை அணைத்துவிட்டார்கள், வராந்தா வெளிச்சத்தில் இதை எழுதி முடிக்கிறேன்.

அன்புடன்,
பிர்தௌஸ்